கட்டம்போட்ட கில்ட்டும் காதல் கதைகளும்



சென்ற வாரம் நான் படித்துக்கொண்டிருந்த ஆங்கில நாவலின் அட்டைப்படத்தை இங்கே போட்டாலும் போட்டேன், ஒரே கலகலப்பு. "டீச்சர், நீங்களுமா?" என்று பாதிப் பேர். "நானும் படிப்பேன் டீச்சர், வீட்டில் யாருக்கும் தெரியாது" என்று மீதிப் பேர். சட்டை போடாத ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் அட்டையில் நின்றதால், என் நாத்தனார் போன் செய்து, "அண்ணி, சம்பந்தி வீட்டுக்காரங்க பார்ப்பாங்க, படத்தை எடுத்துடுங்க" என்றாள். நான் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சரித்திரப் பாடமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளம்தான். மெதுவாகப் படியுங்கள்.

இந்த வகை நாவல்கள் ஏன் சிரிக்க வைக்கின்றன என்பதை முதலில் பார்ப்போம். கதை அநேகமாக ஒரே மாதிரிதான். ஸ்காட்லாந்தின் வடக்கே மலைநாட்டில் ஒரு குலத் தலைவன். அவனை லேர்ட் என்பார்கள். ஏழடி உயரம் இருப்பான் போலத் தோன்றும். பேசவே மாட்டான், உறுமுவான். அவனுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பெண் வாழ்க்கைப்படுகிறாள். அவளுக்கு அவர்கள் மொழி தெரியாது, வழக்கம் தெரியாது, ஆனால் வாய் மட்டும் உண்டு. அவன் கட்டளையிடுவான். அவள் "சரி" என்று சொல்லிவிட்டுத் தான் நினைத்ததைச் செய்வாள். போர்க்களத்தில் நூறு பேரைச் சமாளித்தவன், சமையலறையில் இவளைச் சமாளிக்க முடியாமல் தவிப்பான்.

அமெரிக்க எழுத்தாளர் ஜூலி கார்வுட் இதில் கைதேர்ந்தவர். 1989இல் வந்த 'தி பிரைட்' நாவலில், அரச ஆணைப்படி ஓர் ஆங்கிலப் பிரபுவின் மகளை மலைநாட்டுத் தலைவன் மணக்கிறான். 1993இல் வந்த 'சேவிங் கிரேஸ்' நாவலில் இரண்டு குலங்கள் ஒரே கோட்டைக்குள் வாழ்கின்றன. புது மணப்பெண் தங்கள் குலத்தின் கட்டத் துணியைத்தான் போர்த்த வேண்டும் என்று இரு தரப்பும் மல்லுக்கு நிற்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போர்த்துவது என்று அவள் முடிவு செய்கிறாள். ஆனால் இன்று யாருடைய முறை என்பது அவளுக்கு நினைவிருப்பதே இல்லை. இரண்டு சம்பந்தி வீட்டுக்கும் நடுவில் நின்று எந்தப் பட்டுப்புடவை கட்டுவது என்று விழித்த நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த நகைச்சுவையை விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் எனக்குள் இருக்கும் சமூக அறிவியல் டீச்சர் எழுந்துகொள்கிறாள்.

'தி பிரைட்' நடப்பது ஏறக்குறைய 1100இல். 'சேவிங் கிரேஸ்' அதற்கு ஒரு நூற்றாண்டு பின்னால். ஆனால் இடுப்பில் வரிந்து கட்டி மீதியைத் தோளில் போடும் அந்த நீளப் போர்வை உடை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வழக்கத்துக்கு வருகிறது. இன்று நாம் படங்களில் பார்க்கும் குட்டையான கில்ட் 18ஆம் நூற்றாண்டுக்காரர். இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்ற கறாரான வரிசையோ அதற்கும் பிந்தியது. பானக்பர்ன் என்ற ஊரில் வில்சன் என்ற நெசவு நிறுவனம் தன் துணிகளுக்குக் குலப் பெயர்கள் சூட்டி விற்றது. 1815இல் லண்டனில் இருந்த ஒரு மலைநாட்டுச் சங்கம் தலைவர்களுக்குக் கடிதம் எழுதி, "உங்கள் குலத்துக் கட்டத்தின் மாதிரியை அனுப்புங்கள்" என்று கேட்டது. தங்கள் கட்டம் எது என்றே பல தலைவர்களுக்குத் தெரியவில்லை. 1842இல் இரண்டு சகோதரர்கள், பழைய ஏட்டுச்சுவடியிலிருந்து எடுத்ததாகச் சொல்லி, குலங்களின் கட்டங்களை வண்ணப்படங்களோடு ஒரு புத்தகமாகவே போட்டார்கள். சுவடி பொய் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அதில் வந்த கட்டங்கள் பல இன்றும் கடைகளில் விற்கின்றன.

"கதைதானே டீச்சர், விடுங்களேன்" என்பீர்கள். உடைத் தப்பை விட்டுவிடுகிறேன். அந்த உடைக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களை விட மனம் வரவில்லை.

1745இல் ஸ்டுவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ், தன் தந்தைக்காக பிரிட்டனின் அரியணையைக் கேட்டு ஸ்காட்லாந்தில் வந்து இறங்கினார். மலைநாட்டுக் குலங்கள் பல அவர் பின்னால் திரண்டன. எல்லாக் குலங்களும் அல்ல. எதிரே நின்ற அரசுப் படையிலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். 1746 ஏப்ரல் 16 அன்று கலோடன் என்ற வெட்டவெளியில் சண்டை. ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. இளவரசரின் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காயம்பட்டுக் கிடந்தவர்களையும் விடவில்லை. அரசுப் படையை நடத்தியவர் மன்னரின் இளைய மகன் கம்பர்லாந்து. 'கசாப்புக்காரர்' என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

பிறகு சட்டங்கள் வந்தன. மலைநாட்டு ஆண்களும் சிறுவர்களும் தங்கள் பாரம்பரிய உடையை உடுத்தக் கூடாது. முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் சிறை. இரண்டாம் முறை என்றால் 7 ஆண்டு நாடு கடத்தல். 1782 வரை இந்தத் தடை இருந்தது. ஒரே ஒரு விலக்கு: அரசுப் படையில் சேர்ந்த சிப்பாய்க்குத் தடை இல்லை. சொந்தக் கிராமத்தில் குற்றமான உடை, மன்னருக்காகச் சாகப் போகிறவனுக்குச் சீருடை!

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. மெக்லாட் மலைநாட்டார் என்ற படைப்பிரிவு 1780இல், அதாவது தடை இருந்த காலத்திலேயே, சென்னைக்கு வந்து இறங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் ஹைதர் அலியின் படையிடம் ஆங்கிலேயர் தோற்றபோது, அந்தப் பிரிவின் வீரர்கள் பலர் செத்தார்கள். பிழைத்தவர்கள் சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டினம் போனார்கள். எங்கேயோ பனி மலையில் பிறந்த பிள்ளைகள், நம் ஊர்ப் பனங்காட்டுக்கு அருகில் மடிந்திருக்கிறார்கள்.

சட்டம் உடையோடு நிற்கவில்லை. குலத் தலைவர்கள் பரம்பரையாக நடத்திய நீதிமன்றங்களும் ஒழிக்கப்பட்டன. முன்பெல்லாம் தலைவனுக்கு ஆள்பலம்தான் செல்வம். சண்டைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதே அவன் மதிப்பு. அதனால் நிலத்தில் மக்கள் இருப்பது அவனுக்குத் தேவையாக இருந்தது. சண்டை இல்லை என்றான பிறகு அவன் வெறும் நிலக்கிழார். அவனுக்கு வேண்டியது குத்தகைப் பணம். குடியானவர்கள் கொடுத்ததைவிட ஆடு வளர்க்க வந்த பெரிய குத்தகைக்காரர்கள் அதிகம் கொடுத்தார்கள். ஆட்டுக்குப் புல்வெளி வேண்டும். மக்கள் வெளியேற வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 1814 ஜூன் மாதம். வடகோடியில் சதர்லாந்து சீமாட்டியின் நிலத்தில், ஸ்ட்ராத்நேவர் என்ற பள்ளத்தாக்கில், குடும்பங்களை வெளியேற்றினார்கள். திரும்பி வந்து குடியேறாதபடி வீட்டுக் கூரை மரங்களைப் பிடுங்கித் தீ வைத்தார்கள். ஏறக்குறைய நூறு வயதான ஒரு மூதாட்டியை எரிகிற வீட்டிலிருந்து தூக்கி வந்து ஒரு கொட்டிலில் போட்டதாகவும், சில நாட்களில் அவர் இறந்ததாகவும் பின்னாளில் குற்றச்சாட்டு எழுந்தது. இதை நடத்திய பேட்ரிக் செல்லர் மீது 1816இல் இன்வர்னஸ் நகரில் வழக்கு நடந்தது. விடுதலையாகிவிட்டார்.

இப்போது அடுத்த தேதி. 1814 ஜூலை 7. அந்தத் தீ எரிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எடின்பரோவில் ஒரு நாவல் வெளிவருகிறது. பெயர் 'வேவர்லி'. ஆசிரியர் பெயர் அட்டையில் இல்லை. எழுதியவர் வால்டர் ஸ்காட். அதுவரை கவிஞராகப் புகழ்பெற்றவர். நாவல் தன்னுடையதுதான் என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1827 ஆயிற்று.

கதை என்ன? வேவர்லி என்ற ஆங்கில இளைஞன் வடக்கே வருகிறான். மலைநாட்டு வழக்கம் எதுவும் தெரியாமல் விழிக்கிறான். ஒரு குலத் தலைவனின் நட்பில் மயங்குகிறான். அவன் தங்கையிடம் மனதைப் பறிகொடுக்கிறான். கலகத்தில் சிக்கிக்கொள்கிறான். நடுவில் பிராட்வர்டைன் என்ற வயதான பிரபு வருகிறார். வாய் திறந்தால் லத்தீன்தான். போர் முடிந்ததும் அரசரின் காலணியைக் கழற்றிவிடும் பரம்பரை உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு. இளவரசர் போட்டிருப்பதைச் சட்டப்படி 'பூட்ஸ்' என்று கொள்ளலாமா என்று அவர் படும் கவலை இருக்கிறதே, படித்தால்தான் தெரியும்!

வெளியூர் ஆள் உள்ளே வருவது, முழிப்பது, சிரிப்பது, காதலிப்பது. ஜூலி கார்வுட்டின் மணப்பெண்கள் குதிரையில் வந்து இறங்குவது ஸ்காட் போட்டுவைத்த பாதையில்தான். சரித்திர நாவல் என்ற வடிவமே அவரிடமிருந்துதான் உலகெங்கும் பரவியது. கல்கியைத் தமிழின் வால்டர் ஸ்காட் என்று சொல்வதுண்டு. வந்தியத்தேவன் ஓலையோடு சோழநாட்டுக்குள் நுழைந்ததும் ஆழ்வார்க்கடியானிடம் மாட்டிக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். உறவு புரியும்.

ஸ்காட் கல்மனம் கொண்டவர் அல்லர். மறைந்துபோகும் வழக்கங்களின் நினைவைக் காப்பாற்றவே எழுதியதாக அந்த நாவலின் முடிவில் சொல்கிறார். ஆனால் தெற்கே இருந்த வாசகர்கள் கதையில் வந்த மலைநாட்டானைக் கொண்டாடிக்கொண்டிருந்த அதே கோடையில், வடக்கே உண்மையான மலைநாட்டான் குழந்தைகளோடு கடற்கரை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

1822இல் வேடிக்கை உச்சத்துக்குப் போயிற்று. நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தார். ஆட்சியில் இருக்கும் மன்னர் ஒருவர் ஸ்காட்லாந்துக்கு வந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. வரவேற்பு ஏற்பாடு முழுவதும் ஸ்காட் கையில். எல்லோரும் மலைநாட்டு உடையில் வர வேண்டும் என்றார். மன்னரும் வந்தார். நல்ல பருமன். குட்டைக் கில்ட், அதற்குள் இளஞ்சிவப்பு நிறத்தில் இறுக்கமான காலுறை. உடைக்கு மட்டும் 1,300 பவுண்டுக்கு மேல் செலவு. "இருக்கப்போவது சில நாள்தான், அதனால் எவ்வளவு அதிகம் பார்க்க முடியுமோ அவ்வளவு நல்லது" என்ற பொருளில் ஒரு சீமாட்டி குறும்பாகச் சொன்னாராம். கலோடனில் அந்த உடைக்காரர்களை வெட்டச் சொன்ன கம்பர்லாந்து, இந்த மன்னருக்குத் தாத்தாவின் தம்பி முறை. மூன்று தலைமுறைக்குள் அதே உடை அரச குடும்பத்தின் மாறுவேடப் போட்டி உடையாகிவிட்டது.

அந்த விழாவில் அட்டகாசமாகத் திரிந்த ஒருவர் கிளென்கேரி குலத் தலைவர் மெக்டோனல். 1815இல் 'உண்மையான மலைநாட்டார் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கியவர். அவருடைய படத்தைப் பார்த்தால் நம் நாவல் அட்டையில் வருகிறவரே எழுந்து வந்ததுபோல இருக்கும், சட்டையோடு. அவரும் தன் நிலத்திலிருந்து குடியானவர்களை வெளியேற்றியவர்தான்.

இதையெல்லாம் சொல்லி உங்கள் சிரிப்பைக் கெடுக்க வரவில்லை. நம் பிள்ளை ஒருத்தி வெளிநாட்டில் செவிலியராக இருக்கிறாள். இரவுப் பணி முடிந்து பேருந்தில் போகும்போது இந்த நாவல்கள்தான் துணை என்று எழுதினாள். அந்த அரை மணிச் சிரிப்பை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். கட்டளையிடுகிறவன் முன்னால் ஒரு பெண் வாய்விட்டுப் பதில் சொல்வதைப் படிப்பதில் ஒரு தெம்பும் இருக்கிறது.

ஆனால் யாரைப் பற்றிய சிரிப்பு என்பது தெரிந்திருந்தால் நல்லது. மலைநாட்டானைக் கண்டு அஞ்சிய காலத்தில் அவனை நாட்டார் காட்டுமிராண்டி என்றார்கள். அவனால் இனி ஆபத்தில்லை என்றான பிறகுதான் அவன் அழகன், வீரன், காதலன் ஆனான். தோற்றவர்களை இப்படிக் கொஞ்சுவது ஸ்காட்லாந்தில் மட்டும் நடந்த விஷயம் இல்லை.

நல்ல பலனும் உண்டு. 1991இல் தொடங்கிய டயானா கபால்டனின் 'அவுட்லேண்டர்' நாவல் வரிசையைப் படித்துவிட்டுப் பலர் கலோடனுக்குப் போகிறார்கள். அங்கே பிரேசர் குலத்தாருக்கான நினைவுக் கல்லைச் சுற்றிப் புல் தேய்ந்துபோய், தடுப்பு வைக்க வேண்டிய அளவுக்குக் கூட்டம். கதாநாயகனைத் தேடிப் போகிறவர்கள்தான். ஆனால் போய் நிற்பது உண்மையான மனிதர்கள் புதைக்கப்பட்ட மண்ணில்.

சரி, டீச்சர் பதிவு என்றால் வீட்டுப்பாடம் இல்லாமலா? அடுத்த முறை இப்படி ஒரு நாவலைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்தக் கோட்டையில் சமைக்கிறவர் யார்? விருந்துக்கான குத்தகைப் பணம் யாருடையது? கதை முடிந்து ஐம்பது, நூறு ஆண்டுகளில் அந்தக் கிராமம் என்ன ஆகியிருக்கும்? விடையைக் கீழே எழுதுங்கள். எந்த நாவல் உங்களை அதிகம் சிரிக்க வைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அடுத்து நான் வாங்க வேண்டும்.

ஒற்றுப்பிழை இருந்தால் மதிப்பெண் குறையும். நாத்தனாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.