அவசரகாலத்தில் துப்பாக்கி யார் கையில் இருந்தது?

பக்கத்து ஊரில் ஒரு கொள்ளை நடந்துவிட்டால், மறுநாள் ஒட்டுக்கடையில் ஒரு பேச்சு எழும். "நம் கையிலும் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் அவன் வீட்டுக்குள் கால் வைத்திருப்பானா?" என்பார் ஒருவர். "அதையும் சேர்த்து அல்லவா தூக்கிக்கொண்டு போயிருப்பான்" என்பார் பக்கத்தில் இருப்பவர். தற்காப்புக்காகப் பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாமா என்ற கேள்வியை அமெரிக்காவின் கதையாகவே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் இந்தக் கேள்வி நம் ரப்பர்த் தோட்டங்களில் பன்னிரண்டு ஆண்டுகள் உயிர்ப் பிரச்சினையாக இருந்திருக்கிறது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தைத்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால், இந்தப் பேச்சு முடிந்ததும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நான் சொல்லாமல் விட்டதை அவர்கள் சொல்வார்கள்.

முதலில், அந்தத் துப்பாக்கிகள் எங்கிருந்து வந்தன? ஜப்பானியர் ஆட்சியின்போது காட்டுக்குள் இருந்து போரிட்டது மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படை. அதை நடத்தியவர்கள் கம்யூனிஸ்டுகள். ஜப்பானியரை எதிர்க்க வேண்டும் என்பதற்காகப் பிரிட்டிஷாரே அவர்களுக்கு விமானத்திலிருந்து ஆயுதங்களைப் போட்டார்கள். போர் முடிந்து, 1945 டிசம்பரில் அந்தப் படை கலைக்கப்பட்டது. ஆயுதத்தை ஒப்படைத்துக் கலைந்து சென்ற ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி கொடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ஆயுதங்கள் திரும்பி வந்தன. ஆனால் எல்லாமே வந்துவிடவில்லை. எண்ணெய் பூசி, சுற்றிக் கட்டி, காட்டில் புதைக்கப்பட்டவை பல. மூன்றே ஆண்டுகளில் அவை மீண்டும் வெளியே வந்தன. ஒரு காரணத்துக்காகக் கொடுத்த துப்பாக்கி அந்தக் காரணம் தீர்ந்ததும் கொடுத்தவர் கைக்குத் திரும்பிவிடும் என்று யாராவது சொன்னால், இந்த வரலாற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

1948 ஜூன் 16ஆம் நாள் காலை, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்ஃபில் தோட்டத்தில் வாக்கர் என்பவர் தம் ஆப்பீசிலேயே சுடப்பட்டார். சிறிது நேரத்துக்குள் இன்னொரு தோட்டத்தில் ஆலிசன் என்ற மூத்த துரையும் கிறிஸ்டியன் என்ற இளம் உதவித் துரையும் மாண்டனர். ஓரிரு நாட்களுக்குள் நாடு முழுவதும் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது.

துரைமார் ஆயுதம் கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது. இடுப்பில் கைத்துப்பாக்கி, காரில் இன்னொன்று, பங்களாவைச் சுற்றி முள்கம்பி வேலி, மணல்மூட்டை, இரவெல்லாம் விளக்கு என்று அவர்கள் வாழ்ந்தார்கள். தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காவல் காக்க 'ஸ்பெசல் கான்ஸ்டபிள்' படை ஒன்று அவசர அவசரமாகத் திரட்டப்பட்டது. பெரும்பாலும் மலாய் இளைஞர்களைக் கொண்ட அந்தப் படையின் பலம் சில ஆண்டுகளில் ஏறக்குறைய 40,000 பேரை எட்டியது.

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? விடிவதற்கு முன்னால், தலைவிளக்கோடு, காட்டோரத்து நிரைக்குத் தனியாகப் பால்வெட்டப் போகிறவன் அவன். துரைக்கு வந்த ஆபத்து அவனுக்கும் உண்டு. காட்டில் இருப்பவர்கள் வந்து அரிசியும் சந்தாவும் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் அவர்கள் விடமாட்டார்கள், கொடுத்தால் அரசாங்கம் விடாது. அவன் கையில் இருந்தது பால்வெட்டும் கத்தி ஒன்றுதான். அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலோ எடுத்துச் சென்றாலோ, 1948ஆம் ஆண்டு அவசரகால விதிகளின்படி அதற்குத் தண்டனை மரணம். யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. சட்டம் ஏற்கும் காரணம் காட்ட முடியாமல் கையில் இருந்தாலே போதும். ஒரே தோட்டத்தில், ஒரே பயத்துக்கு, ஒருவருக்குக் கைத்துப்பாக்கியும் இன்னொருவருக்குத் தூக்குக் கயிறும் என்று விதி இருந்தது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. அன்றைய சட்டப் புத்தகமே அப்படித்தான் இருந்தது.

அந்த விதியில் சிக்கியவர்களில் நம்மவர் இருவரைச் சொல்ல வேண்டும்.

முதலாமவர் எஸ். ஏ. கணபதி. தமிழ்நாட்டில் பிறந்து, சிறு வயதிலேயே இங்கு வந்தவர். இந்திய தேசிய ராணுவத்தில் பணியாற்றிய பிறகு தொழிற்சங்கத்தில் இறங்கி, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1948இல் அந்தச் சம்மேளனத்தின் பதிவு ரத்தானது. 1949 மார்ச் 1ஆம் நாள் ரவாங் அருகே அவர் பிடிபட்டார். அவரிடம் இருந்தவை ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும். "வழியில் கிடந்ததை எடுத்தேன், போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தேன்" என்பது அவர் தரப்பு. அவர் காட்டிலிருந்தவர்களைச் சேர்ந்தவர் என்பது அரசாங்கத் தரப்பு. எது உண்மை என்று இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. நாட்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். மார்ச் 1ஆம் நாள் பிடிபட்டவர் மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசாங்கம் தலையிட்டுக் கேட்டும் பயனில்லை. ஒன்பது வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டாமவர் சாம்பசிவம். 1948இல் ஜொகூரில் நடந்த ஒரு கைகலப்பில் படுகாயத்தோடு பிடிபட்டவர். துப்பாக்கி வைத்திருந்ததாக ஒரு குற்றச்சாட்டு, தோட்டாக்கள் வைத்திருந்ததாக இன்னொன்று. தோட்டா வழக்கில் அவர் விடுதலையானார். துப்பாக்கி வழக்கை மறுபடி விசாரித்து மரண தண்டனை விதித்தார்கள். அந்த விசாரணையில் அரசாங்கத் தரப்பு ஒரு வாக்குமூலத்தைக் காட்டியது. துப்பாக்கியும் தோட்டாவும் இரண்டுமே தம்மிடம் இருந்ததாக அவர் சொன்னதாக அதில் இருந்தது. தோட்டாவைப் பொறுத்தவரை அவர் குற்றவாளி அல்ல என்று நீதிமன்றமே முன்பு தீர்த்துவிட்ட பிறகு, அதே வாக்குமூலத்தை எப்படி முழுதாக நம்பச் சொல்ல முடியும்? இந்தக் கேள்வி லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் வரை போனது. 1950இல் அவருடைய மேல்முறையீடு வென்றது, கழுத்து தப்பியது. ஒருவர் ஒருமுறை விடுதலையான விஷயத்தில் அவர் குற்றவாளி என்பதுபோல் பின்னால் வாதிடக் கூடாது என்பதற்கு, சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் சாம்பசிவம் வழக்கைக் காட்டுகிறார்கள். பெரிய சட்டப் புத்தகங்களில் ஒரு தமிழர் பெயர் இப்படி ஏறியிருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சரி, ஆயுதம் வைத்திருந்தவர்களாவது பிழைத்தார்களா? சிலர் பிழைத்தார்கள். பங்களாவுக்குள் இருந்துகொண்டு திருப்பிச் சுட்டு, தாக்க வந்தவர்களை விரட்டிய துரைமார் உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. காட்டில் இருந்தவர்களுக்கு வெளியிலிருந்து ஆயுதம் வர வழியில்லை. புதைத்து வைத்தது குறையக் குறைய, அவர்களுக்கு வேண்டிய துப்பாக்கி போலீஸ்காரர் தோளிலும் துரையின் இடுப்பிலும்தான் இருந்தது. அதைப் பறிப்பதற்காகவே தனித்து நின்ற காவல் சாவடிகள் தாக்கப்பட்டன. காக்க வந்த துப்பாக்கியே ஆளை வரவழைத்தது. ஆட்சித் தலைவரான ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னியே, ஆயுதம் தாங்கிய காவலோடு போகும்போது, 1951 அக்டோபர் 6ஆம் நாள் பிரேசர் மலைச் சாலையில் பதுங்கியிருந்தவர்களால் சுடப்பட்டு இறந்தார். அவசரகாலம் முடிந்தபோது கணக்கெடுத்தால், பாதுகாப்புப் படையில் மாண்டவர்கள் 1,800க்கு மேல்; அதில் பெரும்பகுதி போலீஸ்காரர்கள். மாண்ட பொதுமக்கள் ஏறக்குறைய 2,500 பேர், அவர்களில் சீனர்களே அதிகம்.

நான் கவனித்துப் படித்த வேறொரு ஏற்பாடும் உண்டு. 1950 முதல் கம்பங்களிலும் புதுக் கிராமங்களிலும் ஊர்க்காவல் படை அமைக்கப்பட்டது. பெரியவர்கள் அதை 'ஹோம் கார்டு' என்பார்கள். சில ஆண்டுகளில் அதில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அவ்வளவு பேருக்கும் துப்பாக்கி கிடையாது. இருந்தவற்றை முறை போட்டு எடுத்தார்கள். பல இடங்களில் காவல் முறை வரும்போது வாங்கி, விடிந்ததும் எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். சீனக் கிராமங்களுக்குத் துப்பாக்கி கொடுத்தால் அது காட்டுக்குப் போய்விடும் என்று அதிகாரிகள் முதலில் தயங்கினார்கள். 1952இல் வந்த ஜெனரல் டெம்ப்ளர் துணிந்து கொடுக்கச் சொன்னார். பயந்த அளவுக்கு எதுவும் தொலைந்து போகவில்லை. துப்பாக்கி தனி ஒருவரின் தலையணைக்கு அடியில் இல்லாமல், ஊர்ப் பொறுப்பில் கணக்கோடு இருந்தது என்பதை நான் முக்கியமான காரணமாக நினைக்கிறேன்.

1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுக்கு வந்தது. சட்டத்தின் கடுமை முடியவில்லை. அதே ஆண்டு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு வட்டாரங்களில் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் கட்டாய மரண தண்டனையைத் தொடர்ந்தது. அந்தச் சட்டம் 2012இல் தான் நீக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வைத்துக்கொள்ள போலீஸ் லைசென்ஸ் வேண்டும். 1971ஆம் ஆண்டின் இன்னொரு சட்டத்தில், கொள்ளை, ஆள்கடத்தல் போன்ற குற்றங்களின்போது கொல்லவோ காயப்படுத்தவோ சுடுபவருக்குக் கட்டாய மரண தண்டனை இருந்தது. 2023 ஜூலை முதல் அது கட்டாய தண்டனையாக இல்லை. நீதிபதி வழக்கைப் பார்த்து நீண்ட சிறைத் தண்டனையும் விதிக்கலாம். அதே 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில், சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்ததற்கு மட்டும் 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. கணபதியிடம் இருந்த ஒரு ரிவால்வரையும் ஆறு தோட்டாக்களையும் இந்த அளவோடு வைத்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், லயத்து வீட்டில் துப்பாக்கி வேண்டாம் என்பேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பிள்ளை தூங்குகிறது. சம்பள நாளில் குடித்துவிட்டு வருகிறவர் கைக்கு அது எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. கெட்டவனிடம் எப்படியும் துப்பாக்கி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் ஆயுதம் தேடி அலைபவனுக்கு நம் வீடும் ஒரு காவல் சாவடி ஆகிவிட வேண்டாம் என்பது என் எண்ணம்.

இன்னும் ஒன்று. மறுநடவுக்கு மண்ணைக் கிளறும்போது பழைய தோட்டாவோ துருப்பிடித்த துப்பாக்கியோ கண்ணில் பட்டால், பிள்ளைகள் விளையாட எடுத்துவரப் பார்ப்பார்கள். தொடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள், நீங்களே போலீசுக்கு எடுத்துக்கொண்டும் போகாதீர்கள். கிடக்கும் இடத்திலேயே விட்டு, ஒருவரைக் காவலுக்கு நிறுத்தி, நிலையத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்; அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள்.