மாசிடோனிய நாட்டுப்புறப் பாடல்கள்: சேகரிப்பும் பகிர்வும்

பால்கன் தீபகற்பத்தின் நடுவே, வர்தார் ஆற்றுப் படுகையிலும் அதைச் சூழ்ந்த மலைநாட்டிலும் வாழும் தென் ஸ்லாவிய மக்கள் வாய்வழியாகக் காத்துவந்த பாடல்களே மாசிடோனிய நாட்டுப்புறப் பாடல்கள். இன்றைய வடக்கு மாசிடோனியாவே இவற்றின் மையம். 1912–13 பால்கன் போர்களின் முடிவில் பழைய மாசிடோனிய நிலப்பரப்பு செர்பியா, கிரேக்கம், பல்கேரியா ஆகிய மூன்றுக்கும் பங்காகிப் போனதால், எல்லைகளைத் தாண்டியும் இதே பாடல்கள் பாடப்படுகின்றன. ஒரே மெட்டை மூன்று நாட்டினரும் தம்முடையது என்பது இங்கே வழக்கம்.

ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் நீடித்த ஒட்டோமான் ஆட்சியின் பெரும்பகுதியில் இம்மக்களின் பேச்சுமொழிக்குப் பள்ளியும் இல்லை, அச்சகமும் இல்லை. பல ஊர்களில் தேவாலயமும் பள்ளியும் கிரேக்கத்தில் நடந்தன. வயல், அடுப்பங்கரை, திருமணப் பந்தல், இடுகாடு ஆகிய இடங்களில்தான் மொழி வாழ்ந்தது. அங்கே அது பெரும்பாலும் பாட்டாக இருந்தது. 1945இல் மாசிடோனிய மொழிக்கு அதிகாரபூர்வ எழுத்தும் எழுத்துக்கூட்டு விதிகளும் வகுக்கப்பட்டபோது, பிளாஜே கோனெஸ்கி முதலிய மொழியறிஞர்கள் சொற்களைத் தேடிச் சென்ற முதன்மையான களஞ்சியங்களுள் இப்பாடல்களும் ஒன்று.

பாடல்களின் இயல்பு

ஆண்டின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பாட்டு உண்டு. ஈஸ்டருக்கு எட்டு நாள் முன்பு வரும் லாசரஸ் சனிக்கிழமையில் சிறுமியர் கூட்டமாக வீடு வீடாகச் சென்று பாடி முட்டை வாங்கிவருவர். மழை பொய்த்தால் ஒரு சிறுமிக்கு இலைதழைகளைச் சுற்றி, தலையில் நீர் ஊற்றி, ஊர் முழுக்கப் பாடிக்கொண்டு அழைத்துச் செல்வர். அறுவடை, நூல் நூற்கும் இரவு, மணப்பெண்ணை வழியனுப்பும் வேளை, ஒப்பாரி என்று ஒவ்வொன்றுக்கும் தனி மெட்டு இருந்தது. ஆண்கள் பாடியவற்றுள் பிரிலெப் நகரோடு சேர்த்துப் பேசப்படும் மன்னன் மார்க்கோவின் வீரக்கதைகளும், மலையில் ஒளிந்து துருக்கியரை எதிர்த்த ஹைதூத்துகளின் பாடல்களும், ஒட்டோமான் ஆட்சிக்கு எதிரான 1903 இலிந்தன் எழுச்சிக்குப் பின் பெருகிய போராளிப் பாடல்களும் முக்கியமானவை.

இவற்றுள் நெஞ்சை மிக அதிகம் தொடுபவை பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றியவை. 'பெச்சல்பா' என்பது அந்தப் பிரிவுக்கு அவர்கள் வைத்த பெயர். மேற்கு மலையிலுள்ள கலிச்னிக் போன்ற ஊர்களின் ஆண்கள் கொத்து வேலைக்கும் மர வேலைக்கும் தொலைதூர நகரங்களுக்குச் சென்று கோடையில் மட்டுமே வீடு திரும்பினர். ஆதலால் ஊரின் திருமணங்கள் எல்லாம் புனித பேதுருவின் திருநாளான ஜூலை 12ஐ ஒட்டி நடந்தன. சுர்லா என்னும் ஊதுகருவியும் தபான் என்னும் பறையும் முழங்க அங்கே ஆடப்படும் 'தெஸ்கோட்டோ' ஆட்டத்தின் பெயருக்குக் 'கடினமானது' என்று பொருள். திரும்பி வந்தவன் மீண்டும் புறப்பட வேண்டிய துயரம் அதன் மெல்லிய தொடக்கத்திலேயே இருக்கிறது.

இசையமைப்பில் இரண்டு பண்புகள் தனித்து நிற்கின்றன. ஒன்று தாளம். 'லெஸ்னோ' என்னும் வட்ட ஆட்டம் ஏழு எண்ணிக்கையில், 3+2+2 என நடக்கும். மிசிர சாப்புக்குப் பழகிய காதுக்கு இது எளிதில் பிடிபடும்; சமச்சீரான தாளங்களிலேயே வளர்ந்தவர்களுக்கு நொண்டுவதுபோலத் தோன்றும். ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு எண்ணிக்கைகளிலும் பாடல்கள் உள்ளன. மற்றொன்று குரல். கிராமத்துப் பெண்கள் பாடும்போது ஒருத்தி மெட்டைப் பிடிக்க, மற்றவர்கள் அடிச்சுதியை விடாமல் இழுப்பர். இரு குரல்களும் மிக நெருங்கிய சுரங்களில் உரசும்போது எழும் அதிர்வையே அவர்கள் அழகு என்று கொண்டனர்.

கருவிகளில் காய்தா என்பது தோற்பையில் காற்றடைத்து ஊதுவது. கவல் நீண்ட மரக்குழல். இதை இருவர் இணைந்து வாசிப்பதும், அதில் ஒருவர் சுதி மட்டும் பிடிப்பதும் மாசிடோனியாவின் தனி வழக்கம். சுர்லா நாகசுரம்போலச் சீவாளி வைத்த ஊதுகருவி. தபான் தோளில் தொங்கும் பெரிய இருமுகப் பறை. இவ்விரண்டையும் தலைமுறை தலைமுறையாக வாசித்துக் காத்தவர்களில் பெரும்பாலோர் ரோமா இனத்துக் கலைஞர்கள். நகரங்களில் ஊத், கானூன், வயலின், கிளாரினெட் சேர்ந்த 'சால்கியா' குழுக்கள் துருக்கிய மகாம் இசைமுறைகளின் சாயலோடு வேறொரு பாட்டுமரபை வளர்த்தன.

ஏட்டில் ஏறிய காலம்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்பாடல்கள் எழுத்துக்கு வந்தன. பொஸ்னியாவில் பிறந்து செரெஸ் நகரில் தங்கியிருந்த ஸ்தெஃபான் வெர்கோவிச் 1860இல் பெல்கிரேடில் ஒரு தொகுப்பை வெளியிட்டார். அதிலிருந்த 335 பாடல்களில் 270ஐப் பாடிக்கொடுத்தவர் தாஃபினா என்னும் ஒரே பெண். அவர் பெயரையும் ஊரையும் வெர்கோவிச் மறைக்காமல் எழுதிவைத்தார். இன்றைக்கும் தாஃபினா அறியப்பட்ட பாடகியாக இருப்பதற்கு அந்தச் சிறு நேர்மைதான் காரணம்.

அடுத்த ஆண்டு வந்தது மிலாதினோவ் சகோதரர்களின் நூல். ஓஹ்ரிட் ஏரிக்கரையின் ஸ்திரூகாவில் பிறந்த திமித்தார் (1810–1862) பள்ளியாசிரியர். ஊர் ஊராக மாறிக் கற்பித்தவர். 1845இல் ஓஹ்ரிட்டுக்கு வந்த ரஷ்ய அறிஞர் விக்டர் கிரிகோரோவிச், தாய்மொழிப் பாடல்களைச் சேகரிக்கும்படி அவரைத் தூண்டினார். தம்பி கொன்ஸ்தந்தின் (1830–1862) ஏதென்ஸிலும் பின்னர் மாஸ்கோவிலும் படித்தார். கையில் நூற்றுக்கணக்கான பாடல்கள் சேர்ந்தும் ரஷ்யாவில் அவற்றை அச்சிட ஆதரவாளர் கிடைக்கவில்லை. வியன்னாவில் குரோஷிய ஆயர் யோசிப் ஷ்ட்ரோஸ்மயரைச் சந்தித்த பிறகே வழி பிறந்தது. கொன்ஸ்தந்தின் கற்ற கல்வி கிரேக்கக் கல்வி என்பதால் பாடல்கள் கிரேக்க எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. அச்சுக்கு முன் அவற்றைச் சிரிலிக் எழுத்துக்கு மாற்றும்படி ஆயர் கேட்டுக்கொண்டார். 1861 ஜூனில் ஸாக்ரெப் நகரில் நூல் வெளிவந்தது. 660 பாடல்களோடு திருமணச் சடங்குகள், விளையாட்டுகள், பழமொழிகள், விடுகதைகளும் அதில் இடம்பெற்றன.

பாடல்களில் ஏறக்குறைய எல்லாமே பெண்களிடம் கேட்டவை என்று கொன்ஸ்தந்தின் முன்னுரையில் எழுதுகிறார். ஸ்திரூகாவில் ஒரு பெண்ணிடமிருந்து மட்டும் ஏறத்தாழ 150 பாடல்கள் கிடைத்தன. நூல் அட்டையில் ஆண்களின் பெயர். உள்ளே பெண்களின் நினைவாற்றல்.

நூல் அச்சாகும் முன்பே திமித்தார் கைதாகிவிட்டார். கிரேக்க மதகுருமாரின் செல்வாக்கை எதிர்த்து ஸ்லாவிய மொழிக் கல்விக்காகப் பேசியது அவர் செய்த குற்றம். அண்ணனை மீட்க இஸ்தான்புல் சென்ற கொன்ஸ்தந்தினையும் சிறையில் அடைத்தனர். 1862 ஜனவரியில், சில நாள் இடைவெளியில் இருவரும் சிறையிலேயே இறந்தனர். தெற்கு நிலத்துக்கு ஏங்கி கொன்ஸ்தந்தின் எழுதிய கவிதையை வாசித்துத்தான் ஸ்திரூகாவின் பன்னாட்டுக் கவிதை விழா ஆண்டுதோறும் தொடங்குகிறது.

சகோதரர்களின் நூல் தலைப்பில் 'பல்கேரிய' என்ற சொல் இருந்தது. பாடல்களில் ஒரு பகுதி பல்கேரியாவிலிருந்தும் வந்தது. பல்கேரிய, மாசிடோனிய அறிஞர்கள் இன்றுவரை இதைப் பற்றி வாதிடுகின்றனர். நூற்றாண்டு நிறைவையொட்டி மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேயில் வந்த பதிப்பு 'தொகுப்பு' என்று மட்டும் பெயரிட்டது. சகோதரர்கள் தாம் அச்சிட்ட தலைப்பை அறிந்தே வைத்தனர். வரலாற்று ஆவணத்தை அது வெளிவந்த வடிவிலேயே தருவதுதான் முறை. அந்தப் பாடல்களில் பெரும்பாலானவை ஸ்திரூகா, பிரிலெப், குகுஷ் முதலிய ஊர்களின் பேச்சில் உள்ளவை என்ற உண்மையும் அதனால் சிறிதும் குறைவதில்லை.

பிரிலெப்பின் மார்க்கோ செப்பென்கோவ் (1829–1920) தையற்காரர். கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம் கதை கேட்டு, பாட்டுக் கேட்டு, தைத்துக்கொண்டே எழுதிச் சேர்த்தார். நூற்றுக்கணக்கான கதைகளும் ஆயிரக்கணக்கான பழமொழிகளும் பாடல்களும் அவர் உழைப்பில் மிஞ்சின. 1972இல் அவை ஸ்கோப்யேயில் 10 தொகுதிகளாக வெளிவந்தன. ஓஹ்ரிட்டின் குஸ்மன் ஷாப்கரேவ் (1834–1909), திமித்தார் மிலாதினோவின் மருமகன். அவருடைய பெருந்தொகுப்பு 1890களில் சோஃபியாவில் வெளியானது.

எல்லாச் சேகரிப்பும் நம்பத்தக்கதாக இல்லை. வெர்கோவிச் 1874இல் வெளியிட்ட 'வேத ஸ்லோவேனா', ரோடோபி மலை மக்களிடையே ஓர்ஃபியஸ் காலத்து நினைவுகள் பாடல்களாக உயிரோடிருக்கின்றன என்று சொன்னது. அவற்றைச் சேகரித்துத் தந்த ஆசிரியர் இவான் கோலோகானோவ் தாமே பெரும்பகுதியை இயற்றினார் என்பதே ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு. தொன்மைக்கு ஏங்கும் இளம் தேசியங்கள் எங்கும் சந்தித்த சோதனை இது.

மெட்டு பதிவான காலம்

முதல் தொகுப்புகளில் சொல் இருந்தது, மெட்டு இல்லை. செர்பிய இசையமைப்பாளர் ஸ்தெவான் மொக்ரான்யாட்ஸ் 1901இல் ஓஹ்ரிட் பாடல்களைக் கொண்டு அமைத்த பத்தாவது 'ருகோவெத்' சேர்ந்திசைக் கோவை, அவற்றைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுசென்றது. துணி வெளுக்கும் பில்யானாவின் பாட்டு அதில் உண்டு. ஓஹ்ரிட்டில் அவள் பெயராலேயே ஓர் ஊற்றும் இருக்கிறது.

முறையான பணி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் தொடங்கியது. 1944 டிசம்பர் 28இல் ஸ்கோப்யே வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. 1949இல் 'தனெட்ஸ்' ஆடல்பாடல் குழுவும், 1950இல் இன்று செப்பென்கோவின் பெயர் தாங்கும் நாட்டார் வழக்காற்றியல் நிறுவனமும் ஸ்கோப்யேயில் அமைந்தன. ஷிவ்கோ ஃபிர்ஃபோவும் வாசில் ஹஜிமனோவும் கிராமங்களுக்குச் சென்று ஆயிரக்கணக்கான பாடல்களைச் சுரப்படுத்தினர். பின்னர் காந்த நாடாவும் வந்து சேர்ந்தது. அந்த நாடாக்களில் இருப்பவர்கள் பலர் மின்சாரம் வராத காலத்துப் பாட்டிமார்கள்.

வானொலி செய்தது வேறு வேலை. அலெக்சாந்தர் சாரியெவ்ஸ்கி, வாஸ்கா இலியேவா போன்ற குரல்களால் ஒரு பள்ளத்தாக்கின் பாட்டு நாடு முழுவதன் பாட்டாயிற்று. அதற்கு விலையும் இருந்தது. நிலையக் குழுவுக்கு ஏற்பச் சுரங்கள் சீராக்கப்பட்டன. நீண்ட கதைப்பாடல்கள் மூன்று நிமிடத்துக்குள் அடங்கின. ஊருக்கு ஊர் மாறிய வடிவங்களில் ஒன்று மட்டும் 'சரியானது' ஆயிற்று. புதிதாக இயற்றியவையும் பழையவற்றோடு கலந்தன. உலகெங்கும் நாட்டுப்புறப் பாடலென்று பாடப்படும் 'மாகெதோன்ஸ்கோ தெவோய்ச்சே' பிட்டோலாவின் யோன்சே ஹ்ரிஸ்தோவ்ஸ்கி 1964இல் எழுதியது. மக்கள் அதை ஏற்றுத் தம்முடையதாக்கியது அவருக்குப் பெருமையே. ஆயினும் இயற்றியவர் பெயரை விட்டுவிடுவது தவறு.

சொல்லை இழந்த பாடல்கள்

கிரேக்கத்தின் வடக்கே சர்வாதிகாரி மெட்டாக்சாஸின் ஆட்சி 1936 முதல் ஸ்லாவியப் பேச்சையே தடை செய்தது. ஃப்ளோரினா வட்டாரத்தில் ஊர்த் திருவிழாக்களில் பித்தளைக் குழல் வாத்தியக் குழுக்கள் பழைய மெட்டுகளைச் சொல் இல்லாமல் வாசித்தன. ஆடுபவர்களுக்குச் சொல் தெரியும், வாய் திறக்கவில்லை. கிரேக்க உள்நாட்டுப் போரின்போது 1948இல் வடகிரேக்கத்திலிருந்து ஏறத்தாழ 28,000 சிறுவர் கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் மாசிடோனிய மொழி பேசியோர் மிகப் பலர். டொராண்டோவிலும் மெல்போர்னிலும் பெர்த்திலும் பிற்காலத்தில் குடியேறிய குடும்பங்கள் காக்கும் ஊர்ப் பாடல்களில் அந்த இழப்பின் நினைவு உண்டு.

இன்றைய நிலை

பிரிலெப் அருகே தோல்னேனியைச் சேர்ந்த காய்தாக் கலைஞர் பெட்சே அதனாசோவ்ஸ்கி, பிரெஸ்பா ஏரிக்கரையின் ஒத்தேஷெவோவில் நடத்திய பயிற்சி முகாம்களுக்கு மேற்கு நாட்டு மாணவர்கள் வந்து பாட்டும் ஆட்டமும் கற்றுச் சென்றனர். அவர் பெயரால் தோல்னேனியில் இசைவிழா நடக்கிறது. இளம் பாடகர் தோஷே ப்ரோயெஸ்கி 2006இல் வெளியிட்ட 'போஷிலாக்' தொகுப்பு, நாட்டுப்பாடல்களைச் சிம்பொனி இசையோடு இளைஞரிடம் கொண்டுசேர்த்தது. மறு ஆண்டே அவர் சாலை விபத்தில் 26 வயதில் இறந்தார்.

தெத்தோவோவை ஒட்டிய தோல்னி போலோக் கிராமங்களில் ஆண்கள் இருவராகவோ சிறு குழுவாகவோ பாடும் 'கிளாசோயெச்கோ' 2015இல் யுனெஸ்கோவின் உடனடியாகக் காக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்ந்தது. ஒருவர் மெட்டைப் பாட, அருகிருப்பவர் சுதி பிடிப்பார். சில வேளை கவல் உடன் வரும். ஊரைவிட்டு இளைஞர் வெளியேற, பாடத் தெரிந்தவர்கள் முதியவர்களாகச் சுருங்கிவிட்டனர். பதிவுநாடா அந்தக் குரலைக் காக்கும். ஆனால் எதிரே உட்கார்ந்து சுதி பிடிக்க ஓர் இளையவர் இல்லாவிட்டால் மரபு நாடாவோடு நின்றுவிடும்.

காட்சிப்பதிவுத் தளங்களில் இன்று இப்பாடல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பலவற்றில் பாடியவர் யார், எந்த ஊர், எந்தச் சடங்குக்குரியது என்ற குறிப்பே இல்லை. 1860இல் வெர்கோவிச் தாஃபினாவுக்குச் செய்ததை இன்று ஒரு பாடலைப் பகிரும் எவரும் செய்யலாம்: பாடியவரின் பெயரையும் ஊரையும் பாட்டோடு சேர்த்து எழுதுங்கள்.