பொன்மலை ரயில்வே பணிமனை

திருச்சிராப்பள்ளியின் பொன்மலையில் உள்ள, தெற்கு ரயில்வேயின் முதன்மையான இயந்திரப் பணிமனைகளுள் ஒன்று. தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் நாகப்பட்டினம் பணிமனை 1928இல் இங்கு இடம்பெயர்ந்தது. 1946 செப்டம்பர் 5 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் இங்கு ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

நீராவி எஞ்சின்களுக்குப் பின் டீசல் எஞ்சின்களின் காலமுறைப் பழுதுபார்ப்பு முக்கியப் பணியானது. நீலகிரி மலை ரயிலுக்கான நீராவி எஞ்சின்களும் இங்கே உருவாயின.

டீசல் எஞ்சின் புதுப்பிப்பு: அகலப்பாதை டபிள்யூடிஎம்-2 வண்டியில் 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன் கொண்ட ஆல்கோ 251 எஞ்சின் உள்ளது. ஒரு சிலிண்டரின் உள்விட்டம் 228.6 மி.மீ. எஞ்சினை முழுதும் பிரித்துக் கழுவியபின், சிலிண்டர் லைனரின் உள்விட்டத்தை மேலும் கீழும், நெடுக்கிலும் குறுக்கிலும் அளப்பார்கள். வட்டம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் லைனரை மாற்றுவார்கள். கிராங்க்‌ஷாஃப்டில் விரிசல் தேடுவார்கள். பேரிங், பிஸ்டன் ரிங் ஆகியவற்றைப் புதிதாகப் போடுவார்கள். இன்ஜெக்டரின் தெளிப்பைச் சோதிப்பார்கள். பூட்டிய எஞ்சினைச் சுமையேற்றி ஓட்டி, எண்ணெய் அழுத்தத்தையும் புகையையும் பார்ப்பார்கள்.

காவிரிப் படுகை உழவர் வீட்டுக் கொட்டகையில் டிராக்டர் எஞ்சினைப் பிரித்தாலும் வரிசை இதுவே. ஆனால் கிராங்க்‌ஷாஃப்டைச் சாணை பிடிக்கவும் எரிபொருள் பம்ப்பைச் சீர்செய்யவும் நகரத்துப் பட்டறைக்குத்தான் எடுத்துச்செல்ல வேண்டும்.