டி. விசுவநாதன்: செவிவழி இசைமரபும் வகுப்பறையும்

ஒரு குடும்பத்திற்குள் செவிவழியாகக் காக்கப்பட்ட கலைமரபு, அக்குடும்பத்தின் மொழியையே அறியாத மாணாக்கரைச் சென்று சேருமா? மொழிபெயர்ப்பாளர் நாளும் எதிர்கொள்ளும் வினாவோடு இது நெருங்கிய உறவுடையது. புல்லாங்குழல் கலைஞர் டி. விசுவநாதனின் (1927–2002) ஆசிரியப்பணி இதற்கு விடைகாணத் துணைபுரியும்.

விசுவநாதன் வீணை தனம்மாளின் பெயரர். தாயார் ஜெயம்மாள் பாடகி. தமக்கை பாலசரசுவதி பரதநாட்டியக் கலைஞர். தமையன் ரங்கநாதன் மிருதங்கக் கலைஞர். இக்குடும்பத்தில் பதங்கள் பெரிதும் செவிவழியே கற்பிக்கப்பட்டன. விசுவநாதனின் குருவான திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையோ நாகசுர மரபில் வந்தவர். அவர்தம் தந்தை நடராசசுந்தரம் பிள்ளை, முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்புடன் 1936இல் நூலாக வெளியிட்டார். தனம்மாளும் நடராசசுந்தரம் பிள்ளையும் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் பயின்றவர்கள். எனவே, ஓர் ஊற்றிலிருந்து பிரிந்த செவிவழக்கும் எழுத்துவழக்கும் விசுவநாதனிடம் மீண்டும் ஒன்றுகூடின எனலாம்.

1958இல் அமெரிக்கா சென்று லாசு ஏஞ்சல்சு நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இனவழி இசையியல் பயின்ற அவர், 1961 முதல் 1965 வரை சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை ஏற்றார். பின்னர் மீண்டும் அமெரிக்கா சென்று, இராக ஆலாபனை குறித்து ஆய்வு செய்து 1975இல் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, இறுதிவரை அங்கேயே கற்பித்தார்.

இங்கு மொழியியலார்க்கு ஒன்று நோக்கற்பாலது. தோடி இராகத்தின் காந்தாரம் ஏட்டில் 'க' என்னும் ஓரெழுத்தே. பாடுங்கால் அது ரிடபத்திற்கும் மத்திமத்திற்கும் இடையே அசைந்து ஒலிக்கிறது. சுரக்குறி ஒலியனை ஒத்தது; கமகத்தோடு கூடிய ஒலிப்போ மாற்றொலியை ஒத்தது. குறியீட்டை மட்டும் கற்றவர் இராகத்தை அறிந்தவராகார். பிறமொழி மாணாக்கர்க்கும் ஆசிரியரின் குரலே முதல்நூலாக அமைய வேண்டியிருந்தது.

சொல்லின் நிலையும் இத்தகையதே. குழலிசையில் சாகித்தியம் மறைந்துவிடுகிறது. விசுவநாதன் கச்சேரிகளில் குழலை நிறுத்திவிட்டு இடையிடையே பாடுவது வழக்கம். பதத்தின் மந்த நடையில் ஒரே தொடர் பல சங்கதிகளாக விரியும்போது, பொருளும் படிப்படியாக விரிகிறது. பதத்தை மொழிபெயர்ப்போர் ஏட்டிலுள்ள வரியை மட்டும் பெயர்த்தால் இவ்விரிவு விடுபட்டுப்போகும்.

ரங்கநாதனிடமும் விசுவநாதனிடமும் பயின்ற அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸ், தமிழக இசை அரங்குகளில் 'பாகவதர்' எனப் போற்றப்பெற்றார். விசுவநாதனுக்குச் சென்னை மியூசிக் அகாதெமி 1988இல் 'சங்கீத கலாநிதி' விருது வழங்கியது. மேத்யூ ஆலனுடன் இணைந்து அவர் எழுதிய தென்னிந்திய இசை பற்றிய ஆங்கில நூல், அவர் மறைவிற்குப் பின் 2004இல் வெளிவந்தது. எழுத்து அம்மரபிற்கு வழிகாட்டியாயிற்று. செவியின் இடத்தை அது பெறவில்லை. குடும்ப எல்லையைக் கடந்து அம்மரபு வாழ்வதற்கு, குருவின் அருகிருந்து கேட்கும் முறை வகுப்பறையிலும் தொடர்ந்ததே காரணம் எனத் துணியலாம்.