கடல் கடந்த மகளிரும் தென்கிழக்காசிய ஒருங்கிணைப்பும்

நாடுகள் ஒன்றுகூடும் வரலாற்றை அரசுகளின் உடன்படிக்கைகளைக் கொண்டே எழுதுதல் மரபு. 1967 ஆகஸ்டு 8ஆம் நாள் பாங்காக்கில் ஐந்து நாடுகள் ஆசியான் அமைப்பை நிறுவின என்றே அவ்வரலாறு தொடங்கும். ஆயின், அந்நிலப்பகுதியைத் தம் உழைப்பால் முன்னரே பிணைத்தவர் யாவர் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. மலாயாவிற் குடியேறிய இந்திய வழியினரான மகளிரின் முயற்சிகளைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

கல்வராயன் மலையும் அதன்கண் உள்ள கரியாலூரும் சார்ந்த கள்ளக்குறிச்சிப் பகுதி, 2019இல் தனி மாவட்டமாயிற்று. முன்னாளில் அது தென்னார்க்காட்டின்பாற்பட்டது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்களுள் தென்னார்க்காடும் ஒன்று. ஆடவரொடு பெண்டிரும் பால்மரம் வெட்டினர். எனினும் குறைந்த கூலியே பெற்றனர். 1938இல் இந்திய அரசு இவ்வாறு ஆள் அனுப்புதலைத் தடுத்தது.

1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சிராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கிற்று. தோட்டப் பெண்டிர் பலர் அதனுட் சேர்ந்தனர். அப்படையிற் பணியாற்றிய இராசம்மா பூபாலன் 1960இல் மலாயாவிற் பெண்ணாசிரியர் சங்கம் கண்டு, ஆடவர்க்கு நிகரான ஊதியம் வேண்டிப் போராடினார். படையிற் கற்ற ஒழுங்கு சங்கப் பணியாக மலர்ந்தமை இதனாற் புலனாகும். 1981இல் ஆசியான் நாடுகளின் மகளிர் அமைப்புகள் தமக்கெனக் கூட்டமைப்பொன்றும் நிறுவின.

எனினும், எல்லை கடந்து உழைக்கும் ஏழை மகளிரின் குரல் அவைகளில் எளிதில் ஏறவில்லை. இரப்பர்த் தோட்டத்துக் குடும்பத்திற் பிறந்த ஐரின் பெர்னாண்டசு 1991இல் தெனகனீத்தா என்னும் அமைப்பைத் தொடங்கினார். 1995இல் தடுப்பு முகாம்களில் அயல்நாட்டுத் தொழிலாளர் பட்ட இன்னல்களை அவர் அறிக்கையாக வெளியிட்டார். பொய்ச் செய்தி பரப்பினார் என வழக்குத் தொடரப்பட்டு, 2003இல் ஓராண்டுச் சிறை விதிக்கப்பெற்றார். 2008இல் மேல்முறையீட்டில் விடுதலை அடைந்தார். பதின்மூன்றாண்டுகள் ஓர் அறிக்கைக்கு அவர் அளித்த விலை எனலாம்.

இனி அரசுகளின் செயலை நோக்குவாம். புலம்பெயர் தொழிலாளர் உரிமை பற்றிய ஆசியான் சாற்றுரை செபுவில் 2007இல் எழுந்தது. அதனை விரிக்கும் இணக்கவுரை 2017இல் மணிலாவிற் கையொப்பமாயிற்று. பெண்டிர், சிறார் உரிமைகட்கான ஆணையம் 2010இல் அமைந்தது. காலமுறையில் வைத்துப் பார்ப்பின், 1995இன் அறிக்கை செபுச் சாற்றுரைக்குப் பன்னிரண்டாண்டுகள் முற்பட்டது. முற்பட்டது ஒன்றே காரணமாதற்குச் சான்றாகாது. ஆயினும், அரசுகள் பின்னர் ஒப்பிய பொருளை மக்கள் அமைப்புகள் முன்னரே எடுத்துரைத்தன என்பது தெளிவு.

குறையும் உண்டு. 2017இன் இணக்கவுரை சட்டத்தாற் பிணிக்கும் ஆற்றலுடையதன்று. ஒரு நாட்டின் உள்விவகாரத்திற் பிறர் தலையிடாமை என்னும் ஆசியான் நெறி முறையீடுகளின் வலியைக் குறைக்கின்றது. வீட்டுப் பணியாளர்க்கென 2011இற் பிறந்த அனைத்துலக உடன்படிக்கையைப் பிலிப்பைன்சு 2012இல் ஏற்றமை, உறுப்பு நாடொன்று விழையின் மேலும் செல்லவியலும் என்பதைக் காட்டும்.

ஆகவே, தென்கிழக்காசிய ஒருங்கிணைப்பின் வரலாற்றை எழுதுவோர், கையொப்பமிட்டோரை மட்டும் எண்ணுதல் நிறைவாகாது. பால்மரக் காட்டினின்று சங்கம் கண்ட மகளிரையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும் என்பது எம் துணிபு.