இளநிலைப் படிப்பில் ஒரு பகுதி வெளிநாட்டில்: பல்கலைக்கழகங்கள் ஒப்புதல் அளிப்பது எப்படி?

புதுதில்லி: இந்தியப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பில் சேர்ந்து, அதன் ஒரு பகுதியை வெளிநாட்டில் பயில்வதற்கான திட்டங்களை, பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 மே மாதம் அறிவிக்கை செய்த விதிமுறைகள் நெறிப்படுத்துகின்றன. ட்வின்னிங், கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் என மூன்று வகைகள் உள்ளன. பெயர்கள் ஒத்தவையாகத் தோன்றினாலும், மாணவருக்குக் கிடைக்கும் சான்றிதழ் வேறுபடும்.

ட்வின்னிங் முறையில் பட்டத்தை இந்தியக் கல்வி நிறுவனம் மட்டுமே வழங்கும். வெளிநாட்டில் பெறும் கிரெடிட்டுகள் மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தபட்சம் 120 கிரெடிட்டுகள் எனில், வெளிநாட்டில் பெறக்கூடியவை 36. பருவத்துக்குச் சுமார் 20 கிரெடிட்டுகள் என்பதால், முழுமையாக ஓராண்டு கூட ஆகாது. 'ஓராண்டு வெளிநாட்டில்' என்ற விளம்பரத்தைக் காணும் பெற்றோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கூட்டுப் பட்டத்தில் பாடத்திட்டத்தை இரு நிறுவனங்களும் இணைந்தே வகுக்கும்; ஒவ்வொன்றிலும் குறைந்தது 30 சதவீத கிரெடிட்டுகளைப் பெற வேண்டும்; சான்றிதழ் ஒன்றே. இரட்டைப் பட்டத்தில் இரு நிறுவனங்களும் தனித்தனியே பட்டம் வழங்கும். இதில் இரண்டின் சேர்க்கைத் தகுதிகளையும் மாணவர் நிறைவு செய்ய வேண்டும்.

எல்லாப் பல்கலைக்கழகங்களும் இத்திட்டங்களைத் தொடங்கிவிட முடியாது. நாக் மதிப்பீட்டில் குறைந்தது 3.01 புள்ளிகள், அல்லது என்ஐஆர்எஃப் பல்கலைக்கழகத் தரவரிசையில் முதல் 100 இடங்களுக்குள் இடம், அல்லது உயர்சிறப்பு நிறுவனத் தகுதி இருக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்குள் உண்மையான பணி பாடத்திட்டக் குழுவில் தொடங்குகிறது. வெளிநாட்டுப் பாடம் ஒவ்வொன்றும் உள்நாட்டுப் பாடம் எதற்கு ஈடானது என்பதை அக்குழு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஐரோப்பிய முறையில் ஓராண்டுக்கு 60 கிரெடிட்டுகள் என்பதால் எண்களை அப்படியே மாற்றிக்கொள்ள இயலாது. புறப்படும் முன்பே இந்த ஒப்பீடு எழுத்துப்பூர்வமாக முடிவாகவில்லையெனில், திரும்பிவந்த மாணவர் அதே பாடத்தை மீண்டும் படிக்க நேரிடலாம். ஒரு பருவமும் அதற்கான கட்டணமும் வீண். பின்னர் கல்விக் குழுவும் ஆட்சிக் குழுவும் ஒப்புதல் அளித்து, புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது.

படிப்பைத் தொடர இயலாதவர்களுக்கான வெளியேறும் வழியும், அதுவரை பெற்ற கிரெடிட்டுகளின் நிலையும் தெளிவாக அறிவிக்கப்பட வேண்டும். இணையவழி, தொலைநிலைக் கல்விக்கு இவ்விதிகள் பொருந்தாது. கிளை உரிம ஏற்பாடுகளுக்கும் அனுமதியில்லை. மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு உரிய ஒழுங்குமுறை அமைப்புகளின் ஒப்புதலும் தேவை.