ஓர் எண், இரண்டு தட்டுகள்: உற்பத்தி ஏடுகளின் ஒற்றுமை பற்றி ஒரு விசாரணை

உற்பத்திப் பொருள்களின் பூர்வோத்தரத்தைக் கணினியின் துணையால் தொடர்ந்து காண்பது பற்றி எழுதுவோரிடையே ஓர் அபிப்பிராயம் ஏறக்குறைய சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. உலோகத்தை உருக்குபவர், அதை அடித்து உருவாக்குபவர், கடைந்து முடிப்பவர் ஆகிய எல்லோருடைய ஏடுகளும் ஒரே மென்பொருளில் இணைந்துவிடுமானால் அவற்றினிடையே முரண்பாடு தோன்ற இடமிராது என்பதும், முரண்பாடு ஒழிந்த இடத்தில் உண்மை விளங்கும் என்பதும் அதன் சாரம். முதற்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். அது மெய்யாக இருப்பதனாலேயே இரண்டாம் பகுதி சந்தேகத்துக்குரியதாகிறது என்பதே என் வாதம்.

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சூ சிட்டியில் விழுந்து நொறுங்கிய டிசி-10 விமானத்தின் கதை துறையினர் அறிந்ததே. வால் எஞ்சினின் டைட்டேனியம் விசிறித் தட்டு, உலோகம் உருகிய காலத்திலேயே உள்ளே தங்கிவிட்ட கடினமானதொரு மாசிலிருந்து விரிசல் கண்டு, 17 ஆண்டு உழைத்தபின் வானில் பிளந்தது. பராமரிப்புச் சோதனையில் அவ்விரிசல் கண்ணில் படாமற் போனதையே விசாரணை அறிக்கை பிரதான காரணமாகக் கூறிற்று. அதில் எனக்கு விவகாரம் இல்லை. என் கவனம் அத்தட்டின் பிறப்பைச் சொல்லும் ஏடுகளின்மேல் மட்டுமே செல்கிறது.

தட்டின் எண் எம்பிஓ 00385. ஆனால், எஞ்சினைச் செய்த ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பழைய ஏடுகளைப் புரட்டியபோது, அதே எண்ணைத் தாங்கிய இரண்டு தட்டுகள் தொழிற்சாலைக்குள் நடமாடியதாகத் தெரிய வந்தது. ஒன்று, டைமெட் நிறுவனத்தின் உலோகத்தில் அல்கோவா நிறுவனம் அடித்துத் தந்தது; மீயொலிச் சோதனையில் திருப்தியற்ற அறிகுறி காட்டியதால் ஒதுக்கப்பட்டு, வெளியாய்வகம் ஒன்றுக்குச் சென்று திரும்பி, கழிவாக்கப்பட்டிருக்க வேண்டியது. மற்றொன்று, ஆர்.எம்.ஐ. நிறுவனத்தின் உலோகப் பாளத்திலிருந்து, அதுவும் அல்கோவா வழியாகவே, வந்தது. 1971 டிசம்பர் 11 அன்று கடைசல் வேலையும் சோதனையும் முடிந்து எஞ்சினுக்குப் போனது. இவ்வளவோடு நின்றிருந்தால், எண் இடுவதில் நேர்ந்த ஓர் எழுத்தர் பிழை என்று தள்ளிவிடலாம்; மேற்கூறிய அபிப்பிராயத்தினரும் அப்படித்தான் தள்ளுகிறார்கள். ஆனால் அல்கோவாவின் ஏடு வேறொன்று சொல்கிறது. அந்த ஆர்.எம்.ஐ. பாளம் முதன்முதல் வெட்டப்பட்டதே 1972-இல்தான். அதிலிருந்து அடித்த உருப்படிகள் யாவும் விமான உடற்பாகங்களுக்கே போயின. 1972-இல் வெட்டிய பாளத்தின் குழந்தை 1971 டிசம்பரில் முழுவடிவம் பெற்றிருக்க இயலாதென்பதைச் சொல்லத் தர்க்க சாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை.

எந்த ஏட்டை நம்புவது? ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஏடு சரியென்று கொண்டால், அல்கோவா வெட்டிய தேதியையும், வெட்டியது எங்கே போயிற்று என்பதையும் ஒருசேரத் தவறாக எழுதியதாக முடியும். அதோடு, 1969 முதல் 1990 வரை அந்தப் பாளத்திலிருந்து வேறொரு டைட்டேனியம் உறுப்பும் தம் தொழிற்சாலையில் செய்யப்பட்டதாக ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஏடுகளிலேயே காணோம். ஒரு பாளம் ஒரே ஒரு தட்டைப் பெற்றுத் தந்துவிட்டு மறைந்ததென்று நம்ப வேண்டியிருக்கும். அல்கோவாவின் ஏடு சரியென்று கொண்டாலோ, பறந்தது ஒதுக்கப்பட்ட தட்டே என்ற அச்சந்தரும் முடிவுக்கு வருகிறோம். இதற்கு இசைவாக இன்னொன்றும் உண்டு: குறையுள்ள உலோகத்துக்காக ஜெனரல் எலெக்ட்ரிக் ஈடு கேட்டதாகவோ, அல்கோவாவோ டைமெட்டோ கணக்கில் வரவு வைத்ததாகவோ எந்தக் குறிப்பும் இல்லை. விலையுயர்ந்த உலோகத்தைக் குப்பையில் எறிந்த வியாபாரி பணத்தைக் கேளாமல் இருந்தான் என்பது, நான் அறிந்த வியாபாரிகளின் சுபாவத்துக்குப் பொருந்துவதாக இல்லை. உடைந்த தட்டின் உலோகம் எங்கிருந்து வந்ததென்று காண நடத்திய இரசாயனப் பரிசோதனை எப்பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லையாதலால், இதை முடிந்த முடிவென்று நான் ஸ்தாபிக்க முற்படவில்லை; இரு ஏடுகளில் பின்னதன் பாரமே அதிகம் என்ற அளவில் நிற்கிறேன். எண்ணை மட்டும் நம்பிப் பிறப்பிக்கும் பாதுகாப்பு ஆணை, சந்தேகத்துக்குரிய தட்டுகளைத் தப்பவிடக்கூடும் என்று அறிக்கையே எச்சரித்திருக்கிறது.

இனி மென்பொருளுக்கு வருவோம். ஒரே எண்ணை இரண்டு உருப்படிகளுக்கு வழங்க இன்றைய தரவுத்தளம் இடந்தராது என்பார்கள். வாஸ்தவம்; ஆனால் இரண்டாவதற்கு வேறோர் எண் கிடைத்திருக்குமே ஒழிய, இரண்டும் ஒரே மேசையில் கிடக்கும்போது எதன்மேல் எந்த எண் பொறிக்கப்படுகிறது என்பதைத் தரவுத்தளம் பார்ப்பதில்லை. லேசரால் பொறித்தால் அழியாதே என்பது மறுமொழியாகாது. தவறான எண்ணும் அழியாமல் நிற்கும்.

பலமான ஆட்சேபம் ஒன்றுண்டு. இரு நிறுவனத்தாரின் ஏடுகளும் ஒரே அமைப்பில் இருந்திருந்தால், தாய்ப்பாளம் வெட்டப்படுமுன் சேய் முடிந்துவிட்டதென்ற பதிவைக் கணினி அந்தக் கணமே மறுத்திருக்கும் என்பது அது. மறுத்திருக்கும்தான். மறுத்தபின் என்ன நடக்கும்? வேலைச்சீட்டை முடித்தாலன்றி உருப்படி அடுத்த எந்திரத்துக்கு நகராது. ஷிப்ட் முடிய அரைமணி நேரம். மேற்பார்வையாளர் பின்னால் நிற்கிறார். திரையில் சிவப்பு எழுத்தைக் கண்ட ஊழியர், பட்டியலைக் கீழே தள்ளி, தேதிக்குப் பொருந்தும் வேறொரு ஹீட் எண்ணை, அதாவது உருக்குத் தொகுதியின் எண்ணை, தேர்ந்தெடுப்பார், திரை பச்சையாகும். அக்கணத்தில் முரண்பாடு தீர்வதில்லை, அதற்கிருந்த சாட்சியமே அழிகிறது. 1971-இல் எழுதியவருக்கு அல்கோவாவின் ஏட்டைப் பார்த்துத் தம் ஏட்டைத் திருத்த வழியில்லாததனால்தான் 18 ஆண்டு கழித்து இரண்டையும் எதிரெதிரே நிறுத்த முடிந்தது. ஒருவர் சொல்வதைக் கேட்டுத் தன் வாக்குமூலத்தை அமைத்துக்கொள்ளும் சாட்சியை எந்த நியாயஸ்தலமும் இரண்டாம் சாட்சியாகக் கணக்கிடுவதில்லை.

இன்று சரக்கு அனுப்புபவரின் பதிவே பெறுபவரின் வரவுப் பதிவாகத் தானே நிரம்பிக்கொள்வதைப் பெருமையாகச் சொல்கிறோம். பொருள்களின் நடமாட்டத்தைப் பதிவதற்கென ஜிஎஸ்1 அமைப்பு வகுத்த ஈபிசிஐஎஸ் தரம் 2014-இல் 1.1 பதிப்பில், உள்ளே சென்ற பொருள்களையும் மாறி வெளிவந்த பொருள்களையும் ஒரே நிகழ்வாகப் பதியும் வசதியைப் பெற்றது, பயனுள்ள வசதியே. ஆயினும் அது பதிவது பொருளையன்று, பொருளைப் பற்றி ஒருவர் சொன்னதை. நம் பழைய தார்க்கிகர்களின் பாஷையில் அது சப்தப் பிரமாணம். சொல்பவர் ஆப்தராக, அதாவது நம்பத்தக்கவராக, இருக்கும் அளவே அதற்குப் பெறுமானம்.

போயிங், ஏர்பஸ் விமானங்களில் போலிச் சான்றிதழுடன் டைட்டேனியம் புகுந்துவிட்ட விவகாரம் 2024-இல் வெளிவந்ததற்கு, உறுப்பு தயாரிப்பவர் ஒருவர் உலோகத்தில் அரிப்பினால் உண்டான சிறு துளைகளைக் கண்டதே தொடக்கம். அதுவரை அந்தச் சான்றிதழ்கள் ஏற்கப்பட்டே வந்தன. சூ சிட்டிக்குப் பின்னும், பயன்பாட்டிலிருந்த ஏராளமான தட்டுகளை மீயொலியால் சோதித்த பிறகே, குறைந்தது வேறு இரண்டு எஞ்சின்களின் தட்டுகளில் அதே விதமான குறை புலப்பட்டது.

ஆகையால் ஒருங்கிணைப்பை நான் எதிர்க்கவில்லை. அது எதை அழிக்கலாகாது என்பதையே கேட்கிறேன். கணினி மறுத்த முதற்பதிவும், அதை மாற்றியவர் பெயரும் நேரமும் மாற்றப்பட்ட பதிவுக்குச் சமமான அந்தஸ்துடன் இருக்க வேண்டும். பெறுபவர் தம் வரவை, அனுப்பியவரின் பதிவைக் காணுமுன், தாமே எடைபோட்டுத் தனியே எழுத வேண்டும். பாளத்தின் எடையும், அதிலிருந்து வெட்டிய துண்டுகளும் சீவலும் சேர்ந்த எடையும் ஒத்துவராதபோது, அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் அதிகாரம் வேலைத்தளத்துத் திரைக்கு இருக்கலாகாது. இதனால் வேலை தாமதப்படும் என்பார்கள், படட்டும்.